துளையைச் சுருக்கினால் கூர்மை கூடுமா?

யாங்கூன் நகர நடுவில், 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது. அதன் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் படம் எடுக்க மாலையில் வரும் நம் பிள்ளைகள் பலர் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, நேராக எஃப் 22க்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். துளையைச் சுருக்கினால் கூர்மை கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அம்மனின் கண்ணிமைக் கோடு தண்ணீர் பட்ட மைபோல் ஊறியிருக்கும்.

கேட்டது பாதி உண்மை. துளை அகலத் திறந்திருந்தால் லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்கள் ஒரே இடத்தில் குவிவதில்லை. இரண்டு மூன்று படி சுருக்கினால் இந்தப் பிறழ்ச்சி பெரும்பாலும் அடங்கிவிடும். அதையும் தாண்டிச் சுருக்கினால் வேறொரு வினை வருகிறது. ஒளி ஓர் அலை. சிறு துளை வழியே போனால் விரியும். அதனால் ஒரு புள்ளியின் ஒளி புள்ளியாகவே விழாமல் சிறு வட்டாக விழும். 1835இல் இதைக் கணக்கிட்டவர் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி. அவர் பெயரால் ஏரி வட்டு என்கிறோம். பச்சை ஒளிக்கு அதன் விட்டம் எஃப் 8இல் சுமார் 11 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), எஃப் 22இல் சுமார் 30. கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் 36 மி.மீ. அகலம், குறுக்கே 6000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 6 மைக்ரான்தான். எஃப் 22இல் ஒரு புள்ளி ஐந்து பிக்சலுக்குக் கசிந்துவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இதிலிருந்து தப்பாது.

எதிர்ச்சாரியில் நின்று எடுக்கும் கோபுரத்துக்கு எஃப் 8 தாராளம்.

சிற்பம் நமக்காகக் காத்திருக்கும். அதுதான் பெரிய வரம். கையில் பிடித்து எஃப் 4, 1/60 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 என்று எடுத்த அதே வெளிச்சத்தில், டிரைபாடில் வைத்து எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று மாற்றினால் ஷட்டர் 1 வினாடி திறந்திருந்தால் போதும். படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சல் மறைந்து சுதையின் வண்ணப்பூச்சு வெடிப்புவரை தெரியும். விரல் பட்டாலே கேமரா ஆடும் என்பதால் 2 வினாடி டைமர் வையுங்கள். திரையில் கண்ணைப் பெரிதாக்கி, ஃபோகஸைக் கையால் திருப்புங்கள். லாரி போய் அதிர்வு அடங்கியபின் அழுத்துங்கள்.

அப்படி எடுத்த என் படத்தில் அம்மனின் மூக்குத்தி தனியாகத் தெரிகிறது. தோளில் உட்கார்ந்திருந்த புறாவின் தலை மட்டும் சாம்பல் தீற்றல்.