இராவணன் மீசை எப்படி இடம் மாறுகிறது?

தனுஷ்கோடிச் சாலையில் அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது: மணல்மேல் காற்றில் உருண்டோடும் வைக்கோல் நிற முள்பந்து என்ன? இராவணன் மீசை என்னும் புல்லின் பெண் கதிர் அது. தாவரவியல் பெயர் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ்.

இந்தக் கரையில் விதை பரவ வழிகள் பல. அடப்பங்கொடி விதை கடலில் மாதக்கணக்கில் மிதக்கும். காரங்காட்டு அலையாத்தி விதை மரத்தில் இருக்கும்போதே காய்க்குள் முளைவிட்டுவிடும். சீமைக்கருவேலத்தை ஆடுமாடுகள் சாணத்தோடு விதைக்கும். இராவணன் மீசையின் வழி காற்று.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. முற்றிய பெண் கதிர் ஒரு சாணுக்கு மேல் குறுக்களவுள்ள உருண்டை; நடுவிலிருந்து நாலாபுறமும் நீண்ட ஊசிகள். விதை இருப்பது ஊசியின் அடியில், பந்தின் மையத்தை ஒட்டி. காம்பு காய்ந்து ஒடிந்ததும் காற்று பந்தைத் தள்ளும். ஊசிமுனைகள் மட்டுமே மணலைத் தொடுவதால் உராய்வு மிகக் குறைவு. தேய்வதும் முனைதான், விதைக்குச் சேதமில்லை. உருள உருள ஊசிகள் கழன்று, அடியிலுள்ள விதையோடு வழிநெடுக விழும்.

மிஞ்சிய பந்து ஏதாவதொரு கொடியிலோ ஒதுங்கிய கட்டையிலோ சிக்கும். அழகே இங்குதான். தடுப்பு இருக்கும் இடத்தில் காற்றின் வேகம் தணியும். வேகம் தணிந்தால் சுமந்துவந்த மணல் கீழே படியும். ஆக, பந்து நிற்கும் இடமும் மணல்மேடு பிறக்கும் இடமும் ஒன்றே. புதைந்த விதை வடகிழக்குப் பருவமழையில் முளைக்கிறது. படரும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு, மேலே மணல் மூட மூட எழும்பி, மேட்டை உயர்த்துகிறது. புயலலையின் வேகத்தை முதலில் வாங்குவது இந்த மேடுதான்.

கரையோரத்தில் சவுக்கு நடக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது இந்தப் புல்லுக்கு ஒதுக்க வேண்டும். சவுக்கின் நிழலும் உதிர்ந்த இலைப்படுகையும் வெயில் விரும்பும் இப்புல்லை ஒடுக்கிவிடும். மேட்டில் வண்டி ஏற்றினால் தண்டு நசுங்கி அறும், மணல் மறுபடி பறக்கும்.

நட நினைப்பவர்கள் மழைக்குச் சற்று முன், மூன்று நான்கு கணுக்களுள்ள தண்டுகளை, நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஈரமணல் எட்டும் ஆழத்தில் புதைக்கலாம். ஆண், பெண் இரண்டிலிருந்தும் வெட்டி எடுக்க வேண்டும். ஒரே செடி படர்ந்து ஒரு மேடு முழுவதும் பெண்ணாகவே இருந்து, மகரந்தம் எட்டும் தொலைவில் ஆண் செடி இல்லாவிட்டால், பந்து வழக்கம்போல உருளும்; உள்ளே விதை இருக்காது. விதை சேகரிக்கும்போது சில ஊசிகளின் அடியைப் பிளந்து பார்த்துவிடுங்கள்.