நெஞ்சு அடைக்கிறது என்றால் டாக்டர் எதைத் தேடுகிறார்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு குடும்ப டாக்டரின் கிளினிக்கில், "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. இடுப்பு வலி, தலை பாரம், வயிற்று எரிச்சல், ராத்திரியெல்லாம் விழிப்பு என்றுதான் சொல்வார்கள். நம் ஜனங்களின் பழக்கம் மட்டும் என்று இதை நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் திரட்டிய தகவலை வைத்து 1999இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் மனச்சோர்வு நோய் இருந்த 1,146 பேரில் 69 சதவீதம் பேர், டாக்டரிடம் வந்ததற்குக் காரணமாக உடம்புத் தொந்தரவை மட்டுமே சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் சொன்ன வலி கற்பனை இல்லை. செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் மனநிலையோடு தொடர்புடையவை. முதுகுத்தண்டு வழியாக மேலே வரும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அந்த ஏற்பாடு தளரும்போது, பத்து வருஷமாகப் பொறுத்துக்கொண்ட முழங்கால் வலிகூடத் தாங்க முடியாததாகிவிடும். பயம் வேறு வழியில் வேலை செய்கிறது. அட்ரினலின் ஏறி நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்று மரத்துப்போவது அதனால்தான்.

சரி, உடம்புத் தொந்தரவுக்குப் பின்னால் மனசு இருக்கிறதா என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? முதல் கருவி காதுதான். நோயாளி பேச ஆரம்பித்தால் சராசரியாக 18 நொடிகளில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குறுக்கிடாமல் விட்டால் இரண்டாவது, மூன்றாவது தொந்தரவும் வெளியே வரும். பல நேரம் முக்கியமான விஷயம், எழுந்து கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் வரும். அப்போது திரும்ப உட்காரச் சொல்கிற டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? வழக்கமாகப் பிடிக்கும் எதிலும் நாட்டமில்லாமல் போனதா? பதில் ஆமாம் என்றால் ஒன்பது கேள்விகள் கொண்ட பட்டியலுக்குப் போவார். மொத்தம் 27 புள்ளி. 10ஐத் தொட்டால் கவனமாக விசாரிக்க வேண்டும். அதில் கடைசிக் கேள்வி சாகும் எண்ணத்தைப் பற்றியது. கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் தேவையில்லை. நேராகக் கேட்பதுதான் பாதுகாப்பு.

ஆனால் புள்ளி ஏறியது என்று அதோடு நிறுத்தினால் தப்பு. தைராய்டு குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும். ஏறினால் படபடப்பும் நடுக்கமும் வரும். ரத்தசோகையும் களைப்பைத் தரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு, அதுவும் சைவமாக இருந்தால், பி12 வைட்டமின் குறைந்து மறதியும் கால் மரப்பும் வரலாம். தென்னாப்பிரிக்காவில் காசநோயை மறக்கவே கூடாது: எடை குறைகிறது, ராத்திரி வேர்க்கிறது என்றால் "கவலையினால்தான்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது நெஞ்சு விஷயத்தில்தான். இங்குள்ள இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரையும் இதய நோயும் அதிகம். நீண்ட நாள் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துவிடுவதால், மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். வெறும் மூச்சுத் திணறல், குமட்டல், சொல்லத் தெரியாத அசதி. ஐம்பத்தைந்து வயதுப் பெண் அப்படி வந்தால், மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போன துக்கம் என்று நினைப்பது எளிது. இசிஜி எடுக்காமல், தேவைப்பட்டால் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) பார்க்காமல் "டென்ஷன்" என்று அனுப்புவதை நான் மன்னிக்க மாட்டேன். அதே சமயம் இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஸ்கேன் மேல் ஸ்கேன் எழுதுவதும் உதவாது. 1,000 வெளிநோயாளிகளின் சாதாரணத் தொந்தரவுகளை 1989இல் அலசியபோது, 16 சதவீதத்துக்குத்தான் உடல்ரீதியான காரணம் கிடைத்தது. அதனால் மனசைப் பற்றிய கேள்வியை எல்லா டெஸ்ட்டும் முடியும்வரை தள்ளிவைக்கக் கூடாது. முதல் நாளே இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டும் ஒன்றாகவே இருப்பதும் சகஜம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார், சர்க்கரை ஏறும், களைப்பு கூடும்.

ஒரே குடும்பத்தை இரண்டு தலைமுறையாகப் பார்த்துவரும் டாக்டருக்கு எந்த மிஷினும் தராத ஒரு வசதி இருக்கிறது. போன வருஷம் இவர் எப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரியும். "ஆண்ட்டி, இப்ப வீட்டில உங்ககூட யார் இருக்காங்க?" என்று கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும். மருமகளோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் வராது. கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். "இது எதனால வந்ததுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றும் கேட்பார். திருஷ்டி என்று பதில் வந்தால் சிரிக்கக் கூடாது. யாருடைய கண், எப்போதிலிருந்து என்று கேட்டுப்போனால், அங்கே ஒரு சண்டையோ கடனோ சாவோ இருக்கும்.

அப்புறம், காலமும் ஒரு பரிசோதனைதான். அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார். சாதாரணக் காய்ச்சல் அசதி அதற்குள் விலகியிருக்கும். மனச்சோர்வு அப்படியே நிற்கும், அல்லது கூடியிருக்கும். உடம்பு நோய் என்றால் புதிதாக ஏதாவது அடையாளம் காட்டியிருக்கலாம். அதனால் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றினாலும் அந்த இரண்டாவது அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யாதீர்கள்.