ஃபில்டர் போட்ட வீடியோவை எத்தனை முறை சுருக்குகிறீர்கள்?

சில மாதங்களுக்கு முன் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கும் கையுமாக வந்தார். மகள் மேடையில் ஆடிய நடன வீடியோ அது. மங்கலான வெளிச்சம், பின்னால் கருநீலத் திரை. முதலில் வெளிச்சத்தைக் கூட்டி எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார். அந்த ஃபைலை எடுத்து நாய்ஸ் (படத்தில் மினுங்கும் புள்ளிகள்) நீக்கி மறுபடி எக்ஸ்போர்ட். அதை எடுத்து ஷார்ப்பன், பிறகு தலைப்பு. நான்கு முறையும் எம்பி4, நான்கு முறையும் ‘ஹை குவாலிட்டி’. “கேமராதான் சரியில்லையோ?” என்று கேட்டார்.

கேமராவில் வந்த ஃபைலையும் கடைசி ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 200 சதவீதம் பெரிதாக்கிக் காட்டினேன். முதல் ஃபைலில் நாய்ஸ் இருந்தது, ஆனால் திரையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. கடைசி ஃபைலில் மடிப்பே இல்லை. அங்கே சதுரம் சதுரமாகக் கட்டங்கள், சில நொடிக்கொரு முறை மொத்தமாகத் துள்ளி இடம் மாறின. கீஃபிரேம், அதாவது மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுதாகச் சேமிக்கப்படும் ஃபிரேம், வரும் இடம் அது. கேமரா மேல் எந்தக் குற்றமும் இல்லை.

வெளிச்சம் கூட்டுவது, நாய்ஸ் நீக்குவது போன்ற ஃபில்டர் வேலை செய்வது பிக்சல்களின் மேல். சுருக்கிய வீடியோவை முழுதாக விரித்து, பிக்சலை மாற்றி, மறுபடி சுருக்கித்தான் ஆக வேண்டும். எதையும் தொடாமல் வெறுமனே வெட்டி ஒட்டும்போது மட்டுமே பழைய ஸ்ட்ரீமை அப்படியே காப்பி செய்ய முடியும். எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகள் இரண்டுமே வழக்கமான செட்டிங்கில் கண்ணுக்குப் படாது என்று கருதும் விவரங்களைத் தூக்கி எறிந்துதான் இடத்தை மிச்சம் பிடிக்கின்றன. அடுத்த முறை சுருக்கும்போது, முந்தைய சுருக்கத்தில் விழுந்த கட்டத்தையும் படத்தின் பகுதி என்றே என்கோடர் (சுருக்கும் மென்பொருள்) நினைத்துக்கொள்கிறது. அதைக் காப்பாற்றப் பிட்டுகளைச் செலவழித்துவிட்டு, உண்மையான மடிப்பைக் கைவிடுகிறது. எனவே எல்லா ஃபில்டரையும் ஒரே புராஜெக்டில் வைத்து, இழப்புள்ள சுருக்கத்தைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டியிருந்தால் நடுவில் இழப்பில்லாத ஃபைல் வேண்டும். சுருக்காமலே வைக்கலாமே என்றால், 1920×1080 அளவில் 8-பிட் ஆர்ஜிபி ஃபிரேம் ஒன்றே சுமார் 6.2 எம்பி. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 9 ஜிபியைத் தாண்டும். எஃப்எஃப்வி1, யூடி வீடியோ, லகாரித் போன்ற கோடெக்குகள் (சுருக்கி விரிக்கும் முறைகள்) ஜிப் ஃபைல் மாதிரி: சுருங்கும், விரித்தால் ஒரு பிக்சலும் மாறாது. எஃப்எஃப்வி1 ஆவணக் காப்பகங்களும் நம்பும் கோடெக், 2021-ல் ஆர்எஃப்சி 9043 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. எடிட்டிங் கோடெக்குகளான புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் இரண்டும் முழுக்க இழப்பில்லாதவை அல்ல, ஆனாலும் எடிட்டிங்கில் நான்கைந்து சுற்று தாங்கும். ஒரு எச்சரிக்கை: ஆர்ஜிபியிலிருந்து 4:2:0-க்கு (நிறத்தைப் பாதி அகலம், பாதி உயரத்தில் மட்டும் வைக்கும் முறை) மாற்றினால் நிற விவரம் அங்கேயே போய்விடும். கோடெக் இழப்பில்லாததாக இருந்தும் பயனில்லை.

கடைசிச் சுருக்கத்தில் பெரும்பாலானவர்கள் பிட்ரேட்டை (நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவை) குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். அமைதியான காட்சிக்கு அது வீண், வேகமான காட்சிக்குப் போதாது. தரத்தை நிலையாக வைக்கும் சிஆர்எஃப் முறையைத்தான் நான் பயன்படுத்துகிறேன். எச்.264-க்கான எக்ஸ்264 என்கோடரில் தானாக வரும் எண் 23. நான் 18 வைப்பேன், இருட்டுக் காட்சி அதிகமானால் 16. எண் 6 குறைந்தால் ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எச்.265-க்கான எக்ஸ்265-ல் தானாக வருவது 28, இரண்டின் எண்களையும் ஒப்பிட வேண்டாம். பிரீசெட் (என்கோடரின் வேக அமைப்பு) ‘ஸ்லோ’ இருக்கட்டும், நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை. ஃபைல் இத்தனை எம்பிக்குள் அடங்கியே ஆக வேண்டும் என்றால் மட்டும் டூ-பாஸ், அதாவது வீடியோவை ஒரு முறை அலசிவிட்டு அடுத்த முறை சுருக்குவது. ஆடியோவைத் தொடவில்லையா? அதைக் காப்பி என்று விட்டுவிடுங்கள்.

இதைவிட நான் அதிகம் வலியுறுத்துவது ஃபில்டரின் அளவைத்தான். நாய்ஸ் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறாக இருப்பதால் முந்தைய ஃபிரேமை வைத்து என்கோடரால் அதைக் கணிக்க முடியாது. பிட்டெல்லாம் அதற்கே போய்விடும். லேசாக நீக்கினால் சுருக்கம் அழகாக வரும். வழித்தெடுத்தாற்போல் நீக்கினால் முகம் மெழுகாகும், வெற்றுச் சுவரிலும் வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடு விழும். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 10-பிட்டில் 1024. அதனால் ஃபில்டர் வேலையை 10-பிட் அல்லது அதற்கு மேல் வைத்து, 8-பிட்டுக்கு இறக்கும்போது டித்தரிங்கை (படிகள் தெரியாமல் நுண்ணிய புள்ளிகளைத் தூவும் வசதி) ஆன் செய்யுங்கள். பழைய டேப் வீடியோ என்றால் டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிவான வரிகளை முழு ஃபிரேமாக்குவது) முதலில், அளவு மாற்றுவது அதன் பிறகு. ஷார்ப்பன் கடைசியில், கொஞ்சமாக.

நிறம் வெளுத்துப்போனால் அதைச் சுருக்கத்தின் மேல் போடாதீர்கள். பிக்சல் மதிப்புகள் 16–235 வரம்பில் உள்ள படத்தை 0–255 என்று பிளேயர் எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், தலைகீழாக நடந்தால் நிழல் விவரங்கள் கறுப்பில் மூழ்கும். பிடி.601 (பழைய எஸ்டி வீடியோவின் நிறத் தரம்), பிடி.709 (எச்டியின் நிறத் தரம்) மாறிப்போனால் தோல் நிறமே கொஞ்சம் நகரும். பிட்ரேட்டை எவ்வளவு கூட்டினாலும் இது சரியாகாது, எக்ஸ்போர்ட் செட்டிங்கில்தான் திருத்த வேண்டும்.

முழு வீடியோவையும் ரெண்டர் போடும் முன், மிக இருட்டான இடத்தில் 20 நொடி, மிக வேகமான அசைவில் 20 நொடி எடுத்துச் சோதித்துப் பாருங்கள். அந்த நடன வீடியோவுக்கும் திரை தெரியும் பகுதியைத்தான் முதலில் எடுத்தேன். நல்லவேளை, கேமரா ஃபைலை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். நான்கு ஃபில்டரையும் அதன் மேல் ஒன்றாக வைத்து, நாய்ஸ் நீக்கத்தைப் பாதியாகக் குறைத்து, சிஆர்எஃப் 16-ல் ஒரே முறை எக்ஸ்போர்ட். மெல்லிய கிரெய்ன் மிச்சம் இருந்தது. மகள் சுழலும்போது பின்னால் திரையின் மடிப்புகள் திரும்பவும் தெரிந்தன.