சாக்கெட் ஏற்றுக்கொண்டது, போர்டு ஏற்கவில்லை

போச்சம்பள்ளியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் சி.பி.யூ. பெட்டியை வைத்துக் கட்டி, கிருஷ்ணகிரிக்கு என் கடைக்கு வந்து சேர்ந்தார். "அண்ணா, சும்மா இருக்கறப்ப நல்லாத்தான் ஓடுது. கல்யாண ஆல்பம் எக்ஸ்போர்ட் போட்டா பத்துப் பதினஞ்சு நிமிசத்துல செத்துப்போகுது" என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை ஃபார்மேட் போட்டாகிவிட்டது. யூ.பி.எஸ். மாற்றியாகிவிட்டது. ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தும் பார்த்துவிட்டார்.

அவர் கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தார். பெட்டி, பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிடும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஒன்று. எங்கள் ஊர்ப் பக்கம் பாதி ஸ்டுடியோவும் ஜெராக்ஸ் கடையும் இந்தக் கழிவில்தான் நடக்கின்றன. உள்ளே எச்61 சிப்செட் மதர்போர்டும் ஐ3-2100 பிராசசரும் இருந்தன. வேகம் போதவில்லை என்று பெங்களூரு எஸ்.பி. ரோடு போய் ஒரு செகண்ட் ஹேண்ட் ஐ7-3770 வாங்கி வந்து மாட்டினார். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. திருப்பிக் கொண்டுபோய், அதற்குப் பதில் ஐ7-2600 வாங்கினார். இது உடனே ஓடியது. அன்று முதல்தான் இந்த மரணங்கள்.

இரண்டு பிராசசர் சிப்பும் பழுதில்லாதவை. போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டில் இரண்டும் இம்மி பிசகாமல் உட்காருகின்றன. ஆனாலும் ஒன்று விழிக்கவே இல்லை, மற்றது பாதி வேலையில் விழுந்தது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் சிப்பைப் பார்ப்போம். சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1155. அந்த எண் வெறும் தொடுமுனைகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். சிப் உட்காருமா என்பதை அது சொல்லும், ஓடுமா என்பதைச் சொல்லாது. 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5, ஐ7-களும் 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறையும் ஒரே சாக்கெட்டில் வந்தன. ஐ7-3770 மூன்றாம் தலைமுறை.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் அல்ல, போர்டில் ஒட்டியிருக்கும் சின்ன ஃபிளாஷ் சிப்பில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரல். அது பிராசசரைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும். ஒவ்வொரு சிப்பும் அதற்குள் பதிந்த ஓர் அடையாள எண்ணைச் சொல்லும். ஐ3-2100-ம் ஐ7-2600-ம் சொல்வது 206ஏ7. ஐ7-3770 சொல்வது 306ஏ9. 2011-ல் எழுதிய பயாஸுக்கு 306ஏ9 என்றால் யாரென்று தெரியாது. அந்தச் சிப்பின் மெமரி கட்டுப்பாட்டை எப்படித் தொடங்குவது, எந்த மைக்ரோகோடை ஏற்றுவது என்ற விவரம் அதனிடம் இல்லை. ஃபேனுக்கு மின்சாரம் மட்டும் போதும், யாரையும் அடையாளம் தெரிய வேண்டியதில்லை. அதனால் அது சுற்றும். திரை கறுப்பாகவே இருக்கும்.

மைக்ரோகோடு என்ற சொல்லை இங்கே கொஞ்சம் பிரித்துச் சொல்லவேண்டும். பிராசசரின் பல கட்டளைகள் உள்ளே இன்னும் சின்னச் சின்ன அடிகளாக உடைந்துதான் நடக்கின்றன. அந்த அடிகளின் பட்டியல்தான் மைக்ரோகோடு. 1994-ல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், பகா எண்களை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பென்டியம் சிப் வகுத்தலில் தப்பு செய்வதைக் கண்டுபிடித்தார். சிலிக்கானில் பதிந்துவிட்ட தப்பைத் திருத்த வழியில்லை. சிப்களை மாற்றிக் கொடுக்க இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. மறு வருடம் வந்த பென்டியம் ப்ரோவிலிருந்து, மைக்ரோகோடின் மேல் திருத்தம் ஏற்றும் வசதி பிறந்தது. கரண்ட் போனால் அந்தத் திருத்தம் மறந்துபோகும். ஆகவே ஒவ்வொரு முறை போடும்போதும் பயாஸ் அதைப் புதிதாக ஏற்றும். புது சிப்புக்குப் பயாஸ் அப்டேட் ஏன் வேண்டும் என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் அப்டேட் போட கம்ப்யூட்டர் ஓடவேண்டும், புது சிப்போடு அது ஓடாது. பழைய ஐ3-ஐ மறுபடி மாட்டி, அதில் பயாஸை ஏற்றிவிட்டு, அப்புறம் புது சிப்பை மாட்டவேண்டும். பழைய சிப்பை உடனே விற்றுவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ஏஎம்4 சாக்கெட் ரைசன் பிராசசர்களில் இதே சிக்கல் வந்தபோது, அப்டேட் போட்டுக்கொள்வதற்கென்றே ஏஎம்டி நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சின்ன பிராசசரை இரவல் அனுப்பியது. நம் தம்பியின் போர்டு ஆபீஸ் மாடல். மூன்றாம் தலைமுறைக்கான பயாஸ் அதற்கு வெளிவரவே இல்லை. கதை அங்கே முடிந்தது.

எண் ஒன்றாக இருந்தும் ஒத்துவராத இன்னொரு உதாரணம் 2017 அக்டோபரில் வந்தது. எட்டாம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்களின் சாக்கெட்டிலும் அதே 1151 முனைகள்தான். ஆனால் 2015-லிருந்து வந்துகொண்டிருந்த 1151 போர்டுகளில் அவை வேலை செய்யாது. முன்பு சும்மா விட்டிருந்த சில முனைகளைப் புது சிப்பில் மின்சாரம் கொண்டுவரத் திருப்பிவிட்டிருந்தார்கள். சந்தூர்ப் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தண்டு கனம் ஒத்திருந்தால் ஒட்டு உட்காரும். ஆனால் கோடையில் மேலே தண்ணீர் ஏற்றவேண்டியது கீழே இருக்கிற வேர்.

இரண்டாவது சிப்பின் கதையே அந்த வேரைப் பற்றியதுதான்.

ஐ3-2100-ன் மேல் குறித்திருப்பது 65 வாட். ஐ7-2600-ன் மேல் 95 வாட். "முப்பது வாட்தானே கூட, பழைய குண்டு பல்பு அளவுகூட இல்லையே" என்றார் தம்பி. வீட்டு மின்சாரமாக இருந்தால் அவர் சொல்வது சரி. ஆனால் வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. பிராசசர் ஓடுவது ஏறக்குறைய 1.2 வோல்ட்டில். 65 வாட்டை 1.2-ஆல் வகுத்தால் 54 ஆம்பியர். 95 வாட்டை வகுத்தால் 79 ஆம்பியர். நம் காட்டில் ஓடும் அஞ்சு எச்.பி. போர்வெல் மோட்டார், த்ரீ ஃபேஸில், ஃபேஸுக்கு 7 அல்லது 8 ஆம்பியர்தான் இழுக்கும். அதைப் போல் பத்து மடங்கு மின்னோட்டம், கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருந்தால் அதிகம் என்கிற ஒரு சிலிக்கான் துண்டுக்குள் போகிறது.

இந்த மின்னோட்டத்தைத் தயாரிப்பது பெட்டியின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். அல்ல. பிராசசருக்கென்று அது போர்டுக்குத் தருவது 12 வோல்ட்தான். பிராசசரைச் சுற்றி கறுப்புச் சதுரங்களும், சாம்பல் நிறக் கட்டிகளும், உருளைகளும் வரிசையாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். மாஸ்பெட், காயில், கெப்பாசிட்டர். மூன்றையும் சேர்த்து வி.ஆர்.எம். என்போம். 12 வோல்ட்டை 1.2 ஆக்குவது இதன் வேலை. கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் பாயும் வயல்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். மடையைப் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து, ஒன்பது பங்கு நேரம் மூடிவைத்தால், கால்வாய் நீரில் பத்தில் ஒரு பங்குதான் வயலுக்கு வரும். மாஸ்பெட்டுகள் அந்த மடை. நொடிக்குச் சில லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. விட்டுவிட்டு வரும் அந்த நீரை அலையில்லாமல் சமமாக்கும் குட்டைதான் காயிலும் கெப்பாசிட்டரும்.

நல்ல போர்டில் இப்படி எட்டுப் பத்து மடைகள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும், மேலே ஹீட் சிங்கும் இருக்கும். 65 வாட்டுக்கென்று செய்த இந்த ஆபீஸ் போர்டில் மூன்றே மூன்று. ஹீட் சிங்க் கிடையாது. மாஸ்பெட்டில் மின்தடையால் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 54-லிருந்து 79 என்பது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சூடோ இரண்டு மடங்குக்கு மேல். அதோடு நிற்பதில்லை. மாஸ்பெட் சூடானால் அதன் மின்தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. இதன் மேல் மே மாத வெயில் வேறு. அறையில் எத்தனை டிகிரி ஏறுகிறதோ அத்தனையும் போர்டிலும் ஏறும். தம்பியின் கடைக்கு இரண்டு வீடு தள்ளி கிரானைட் பாலிஷ் பட்டறை. பெட்டிக்குள் மாவு தூவியதுபோல் வெள்ளையாகத் தூசி.

சும்மா இருக்கும்போது ஏன் நன்றாக ஓடியது? டைப் அடிக்கும்போதும் போட்டோ பார்க்கும்போதும் பிராசசருக்குள் கணக்குப் போடும் நான்கு கோர்களில் பெரும்பாலானவை தூங்குகின்றன. எக்ஸ்போர்ட் போட்டதும் நான்கும் ஒரே நொடியில் எழுந்து இழுக்கின்றன. அந்த இழுப்பில் 1.2 வோல்ட் கொஞ்சம் தாழும். மின்னழுத்தம் தாழ்ந்தால் டிரான்சிஸ்டர் மெதுவாகத் திறக்கும். 3.4 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒளிகூட 9 சென்டிமீட்டருக்கு மேல் போகமுடியாது. அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் விடை வந்து சேராவிட்டால், ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம் பதிந்துவிடும்.

இங்கிருந்து மரணம் இரண்டு விதம். பிராசசருக்குள் தன்னைத்தானே சரிபார்க்கும் சுற்றுகள் உண்டு. அவை தப்பைப் பிடித்துவிட்டால், விண்டோஸிடம் சொல்லி நீலத்திரை காட்டிவிட்டு நிற்கும். அதில் பெரும்பாலும் வரும் வாசகம் "வீயா அன்கரெக்டபிள் எரர்". சாவதற்கு முன் வாக்குமூலம் கொடுக்க நேரம் இருந்தது என்று பொருள். இரண்டாவது விதத்தில் வி.ஆர்.எம். தானே சூடு தாங்காமல், அல்லது வரம்புக்கு மேல் மின்னோட்டம் என்று கண்டு, சப்ளையை வெட்டிவிடும். திரை பட்டென்று கறுக்கும். பேசுவதற்கு யாரும் உயிரோடு இல்லை.

நடந்ததைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இதைத் தேடலாம். "கர்னல்-பவர் 41" என்று சிவப்பில் இருக்கும். நிறையப் பேர் இந்த 41-ஐயே நோயின் பெயர் என்று நினைத்து, பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். அது வெறும் இரங்கல் செய்தி. "போன தடவை முறையாக அணைக்கப்படவில்லை" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதன் விவரப் பகுதியில் பக்செக் கோட் என்றொரு வரி இருக்கும், பார்க்கவேண்டியது அதைத்தான். 292 என்றிருந்தால் நான் மேலே சொன்ன வீயா பிழை. பூஜ்யம் என்றிருந்தால் நீலத்திரை போடக்கூட நேரமில்லாமல் செத்திருக்கிறது. தம்பியின் கம்ப்யூட்டரில் ஒன்பது 41-கள் இருந்தன. இரண்டில் 292, மற்ற ஏழிலும் பூஜ்யம்.

"டெம்பரேச்சர் பாத்தேண்ணா, எழுவத்தொண்ணுக்கு மேல போகல" என்றார். உண்மைதான். ஆனால் அந்த மென்பொருள் காட்டுவது பிராசசருக்குள் இருக்கும் தெர்மாமீட்டரை. 71 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை, நூறை நெருங்கும்போதுதான் தானாக வேகத்தைக் குறைக்கும். இந்த மாதிரி மலிவு போர்டில் வி.ஆர்.எம்.முக்குத் தெர்மாமீட்டரே வைப்பதில்லை. எரிகிற இடத்தில் அளக்க ஆளில்லை. மாம்பழக்கூழ் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் நண்பரிடம், பேனல் போர்டு சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை இரவல் வாங்கிவந்து மாஸ்பெட்டின் கறுப்பு முதுகில் காட்டினேன். 108 டிகிரி. பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் இந்தத் துப்பாக்கி குறைத்துச் சொல்லி ஏமாற்றும், கறுப்பு பிளாஸ்டிக்கில்தான் பார்க்கவேண்டும்.

சந்தேகம் தீர இரண்டு சோதனை. பக்கத் தகட்டைத் திறந்து டேபிள் ஃபேனை நேராக அந்த மாஸ்பெட் வரிசையைப் பார்த்து வைத்தோம். 14 நிமிடத்தில் சாகிற எக்ஸ்போர்ட் 33 நிமிடம் ஓடிவிட்டுச் செத்தது. அடுத்து, விண்டோஸின் பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை நூறிலிருந்து 80 சதவீதமாகக் குறைத்தோம். வேகம் குறைந்தால் மின்னழுத்தமும் குறையும். சிப் தின்னும் வாட், வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதைச் சார்ந்தது. வேகம் ஐந்தில் ஒரு பங்கும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கும் குறைந்தாலே வாட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிடும். டீ குடித்துவிட்டு வந்தோம், ஆல்பம் முடிந்திருந்தது.

ராம் கோளாறும் இதே மாதிரி நடிக்கும் என்பதால் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்தும் பார்த்தேன். சிப் மாற்றும்போது நடக்கும் விபத்துகளில் பாதி இந்த மயிரிழைப் பின்களில்தான். அதுவும் இல்லை.

80 சதவீதத்திலேயே ஓட்டச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் மாஸ்பெட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும் கெப்பாசிட்டர்களை நினைத்தால் மனசு வரவில்லை. பத்து டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஒன்றிரண்டின் தலை ஏற்கெனவே லேசாக உப்பியிருந்தது. அவற்றை மாற்றிவிட்டு, தம்பியை இன்னொரு தடவை எஸ்.பி. ரோடு அனுப்பினேன். இம்முறை எழுதிக் கொடுத்தது ஐ5-2400எஸ். நான்கு கோர், 2.5 ஜிகாஹெர்ட்ஸ், 65 வாட். கடைசி எழுத்தான எஸ் இல்லாத 2400-ஐ வாங்கிவிடாதே, அது 95 வாட் என்று இரண்டு தடவை சொன்னேன்.

மாட்டி ஆறு மாதமாகிறது. எக்ஸ்போர்ட் ஐ7 அளவுக்கு வேகமில்லை, ஆனால் முடிகிறது. போன வாரம் போன் பண்ணி, "அண்ணா, ஒரு கிராபிக்ஸ் கார்டு சீப்பா வருது, ஸ்லாட்டுல கரெக்டா உக்காருதாம்" என்றார். எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 240 வாட்.