பழைய கம்ப்யூட்டருக்கு எந்தக் கார்டு? பெட்டியில் பெரிதாக எழுதாத எண்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கேம் ஆடும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது கேமிங் கம்ப்யூட்டரே அல்ல. ஏதோ ஓர் ஆபீஸ் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டிய டெல் ஆப்டிபிளெக்ஸோ, எச்.பி.யோ இருக்கும். விலை மலிவு, உறுதியான பெட்டி, உள்ளே நாலு கோர் ஐ5 பிராசசர். திரையில் படம் வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் கிடையாது. என் அக்கா மகனும் அப்படி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, "மாமா, பத்துக் கார்டு பார்த்து வச்சிருக்கேன், எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். கார்டு இருக்கட்டும், முதலில் பெட்டியைத் திற என்றேன்.

மலிவுக் கார்டுகளில் கணக்குப் போடும் சக்தி போதாமல் வரும் தொல்லை கொஞ்சம்தான். அந்தக் கணக்குக்கு வேண்டிய தரவும் மின்சாரமும் நேரத்துக்கு வந்து சேராததால் வரும் தொல்லைதான் அதிகம். கார்டின் பெயரையும், '4 ஜிபி' என்று அதன் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதையும் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

திரையில் ஓடும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-க்கு 1080 என்றால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 முழுப் படம் வேண்டுமென்றால், 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு ஒவ்வொரு நொடியும் நிறம் கணக்கிட்டாக வேண்டும். ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட். ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், கார்டில் கணக்குப் போடும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கோர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கல்யாண வீட்டில் நூறு பேர் அரிவாள்மணையோடு உட்கார்ந்தாலும், வெங்காயக் கூடை வரிசையாக வந்துகொண்டிருந்தால்தான் வேலை நடக்கும். கூடை வராவிட்டால் நூறு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். சுவரின் செங்கல், ஆளின் சட்டை, நிழல் என்று வரைவதற்கு வேண்டிய எல்லாமே கார்டிலுள்ள மெமரியிலிருந்து கோர்களுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். நொடிக்கு எத்தனை ஜிகாபைட் வருகிறது என்பதுதான் மெமரி பேண்ட்வித்.

இதற்கு என்விடியாவின் ஜிடி 1030-ஐ விட நல்ல உதாரணம் இல்லை. 2017இல் வந்த முதல் வகையில் ஜிடிடிஆர்5 மெமரி. மறு ஆண்டு அதே பெயரில், அதே 384 கோர்களோடு, டிடிஆர்4 மெமரி வைத்து இன்னொன்று வந்தது. இரண்டிலும் தரவு வரும் பாதையான மெமரி பஸ் 64 பிட், அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். ஜிடிடிஆர்5 ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 6 ஜிகாபிட் அனுப்பும். எட்டால் பெருக்கினால் 48 ஜிகாபைட். டிடிஆர்4 அனுப்புவது 2.1 ஜிகாபிட், பெருக்கினால் 16.8 ஜிகாபைட். மூன்றில் ஒரு பங்குதான்! பல கேம்களில் ஃபிரேம் எண்ணிக்கை பாதிக்குப் பக்கமாக விழுந்துவிட்டது. பெயரை மாற்றாமல் இப்படி விற்றதை நான் நியாயமென்று சொல்லமாட்டேன். ஜிடிஎக்ஸ் 1650-இல் இது நல்ல பக்கமாக நடந்தது. 2019இல் வந்த முதல் வகை நொடிக்கு 128 ஜிகாபைட், பின்னால் வந்த ஜிடிடிஆர்6 வகை 192. பழைய கார்டு வாங்கும்போது எந்த மெமரி என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, கார்டின் மெமரியே நிரம்பிவிட்டால்? கேம் நின்றுவிடாது. மிச்சத்தை மதர்போர்டிலுள்ள சாதாரண ரேமில் வைத்துக்கொண்டு, கார்டைச் செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக வேண்டும்போது வேண்டும்போது இழுத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டர்காரர்களை இந்த ஸ்லாட்தான் கவிழ்க்கிறது. அதில் தரவு போகும் தடங்களுக்கு லேன் என்று பெயர். இரண்டாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் ஒரு லேனுக்கு நொடிக்கு அரை ஜிகாபைட், மூன்றாம் தலைமுறையில் கிட்டத்தட்ட ஒன்று, நான்காவதில் இரண்டு. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் பிராசசர்களில் இருப்பது இரண்டாம் தலைமுறை ஸ்லாட். அடுத்த ஆண்டு வந்த ஐ5, ஐ7 பிராசசர்களிலிருந்து மூன்றாவது.

பெரும்பாலான கார்டுகள் 16 லேனையும் பயன்படுத்தும். அப்போது ஸ்லாட் பழசானாலும் பெரிய நஷ்டம் தெரியாது. ஏஎம்டி 2022 ஜனவரியில் விட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அப்படியில்லை. அதில் இருப்பது 4 லேன்தான். சில கார்டுகளில் கண்ணாலேயே பார்க்கலாம்: ஸ்லாட்டில் செருகும் விளிம்பில் தங்க முலாம் பூசிய பற்கள் பாதிக்கும் முன்பே நின்றுபோய், மீதி வெறும் பலகையாக இருக்கும். நான்காம் தலைமுறை ஸ்லாட் உள்ள மதர்போர்டில் அந்த 4 லேன் சுமார் 8 ஜிகாபைட் தரும். மூன்றாவதில் 4. இரண்டாவதில் வெறும் 2. கார்டின் சொந்த மெமரியோ நொடிக்கு 144 ஜிகாபைட் தருகிறது. மெமரி 4 ஜிபி மட்டும் என்பதால் புதுக் கேம்களில் அது சீக்கிரம் நிரம்பும். நிரம்பிய நொடியிலிருந்து, மிஞ்சிய தரவுக்கு 144 வந்த இடத்தில் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் 4தான் வரும். ஓடிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று உறைந்து நின்று, அரை நொடி கழித்து வேறெங்கோ நிற்பது இதனால்தான். புது மதர்போர்டில் சோதித்த எண்களைப் பார்த்துவிட்டு இந்தக் கார்டைப் பழைய பெட்டியில் போட்டால் ஏமாற்றம்தான். அதன் தம்பி ஆர்எக்ஸ் 6400-க்கும் 4 லேன்தான். ஆனால் 53 வாட்டில் ஓடும் குட்டிக் கார்டு என்பதால், ஒல்லியான பெட்டி வைத்திருப்பவர்கள் டெக்ஸ்சர் எனும் மேற்பரப்புப் படங்களின் அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆட ஒத்துவரும்.

இப்போது மின்சாரம். ஸ்லாட் தன் வழியாக அதிகபட்சம் 75 வாட் தரும். அதில் 12 வோல்ட்டில் வருவது 66 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும்: ஆறு ஊசி இணைப்பு 75 வாட், எட்டு ஊசி 150 வாட். ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இந்த வயரே இல்லாத பவர் சப்ளைதான் பெரும்பாலும் இருக்கும். 240 வாட், 290 வாட் என்ற அளவில். பல மாடல்களில் இணைப்புகளும் அந்தக் கம்பெனிக்கே உரியவை, கடையில் விற்கும் சாதாரண பவர் சப்ளை பொருந்தாது.

அக்கா மகன் பெட்டியைத் திறந்ததும் பார்க்கச் சொன்னது பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைத்தான். மொத்த வாட் எண்ணை விட்டுவிட்டு, 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். 17 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்கி 204 வாட். பிராசசரும் கார்டும் அதற்குள்தான் பிழைக்க வேண்டும். மலிவான சில பவர் சப்ளைகளில் வெளியே 500 வாட் என்று பெரிதாக இருக்கும், லேபிளில் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர்தான் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 240. அதை நம்பி 185 வாட் ஆர்எக்ஸ் 580-ஐ மாட்டக்கூடாது.

இந்த ஊரில் வாட்டுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 2023இல் மின்சாரக் கம்பெனியான எஸ்காமின் லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு, படுத்திய பாட்டில், கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் யுபிஎஸ் வாங்கிய வீடுகள் ஏராளம். அவை இன்னும் மேசைக்கடியில் கிடக்கின்றன. மலிவான யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தருவது சீரான அலையாக இருக்காது, படிப்படியாக வெட்டிய அலை. இன்றைய நல்ல பவர் சப்ளைகள் மின்னோட்டத்தை அலையின் வடிவத்துக்கு ஏற்றபடி இழுப்பவை. வெட்டிய அலையில், அதுவும் கார்டு முழு வேகத்தில் ஓடும் நேரத்தில், யுபிஎஸ்ஸும் பவர் சப்ளையுமான சில ஜோடிகள் ஒத்துப்போகாமல் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடும். 70 வாட் கார்டில் இந்தச் சுமை குறைவு, பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். பில்லிலும் தெரியும்: 185 வாட் கார்டுக்கும் 75 வாட் கார்டுக்கும் உள்ள 110 வாட் வித்தியாசம், தினம் மூன்று மணி நேரம் ஆடினால் வருஷத்துக்குச் சுமார் 120 யூனிட்.

அடுத்தது பிராசசர். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார், குண்டு யார்மேல் பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற பட்டியலைப் பிராசசர் போட்டுக் கொடுத்த பிறகுதான் கார்டு வரையும். இரண்டில் மெதுவானது எதுவோ அதுதான் மொத்த வேகம். ஏற்கெனவே கையில் ஏதாவது கார்டு இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். கேமின் திரைப் புள்ளி அளவை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன, கார்டின் வேலை குறைந்துவிட்டது. பட்டியல் போடும் வேலை அப்படியேதான் இருக்கிறது. ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டுதான் இழுத்துப்பிடித்தது, புதுக் கார்டு பலன் தரும். அசையவே இல்லையென்றால் பிராசசர்தான் காரணம், எந்தக் கார்டு போட்டாலும் அதே வேகம்தான். ரேம் ஒரே துண்டாக இருந்தால் அதே அளவில் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வழியில் தரவு வருவதால் பிராசசர் கொஞ்சம் மூச்சு விடும், செலவும் சொற்பம்.

பிராசசரில் இன்னொன்று: 2013இல் வந்த நான்காம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கோர்களில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லை. சில புதுக் கேம்கள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது. கார்டு அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இன்டெல்லின் ஆர்க் ஏ380 கார்டைப் பலர் கேட்கிறார்கள். 6 ஜிபி மெமரி, விலையும் ஆசை காட்டும். ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே மூச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி மதர்போர்டில் இருந்தால்தான் ஆர்க் ஒழுங்காக ஓடும். பழைய ஆபீஸ் பெட்டிகளில் அது கிடையாது. வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைப்பதில் பல, கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங்கில் உழைத்த கார்டுகள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கை விட்டு வேறு முறைக்கு மாறியதும் அவை சந்தையில் குவிந்தன. சிப்பை விட விசிறியும், மெமரிக்கு மேலிருக்கும் சூடு கடத்தும் பட்டையும்தான் முதலில் தேயும். பத்து நிமிஷம் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறி கரகரக்கிறதா, சூடு ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். கடலோர வீடுகளிலிருந்து வரும் கார்டென்றால் டார்ச் அடித்துத் தகடுகளுக்கு நடுவே பாருங்கள்: அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, செம்பில் பச்சை இருந்தால் உப்புக்காற்று உள்ளே போயிருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் அதைவிட மிகப் பழைய சிப்பை மாட்டி விற்கும் போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் ஆறு மாத உத்தரவாதம் கடையில் வாங்கினால்தான், தனியாள் விற்பதற்குப் பொருந்தாது. அதனால் காசு கொடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர்களை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். பழைய கேம்களே போதும் என்பவருக்கு இது பெரிய விஷயமில்லை, 1050 டிஐ கிடைக்கும் விலைக்கு நல்ல கார்டுதான்.

அக்கா மகனின் பெட்டி நான்காம் தலைமுறை ஐ5, 290 வாட், தனி வயர் கிடையாது. 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையைத்தான் சொன்னேன்: 70 வாட், ஸ்லாட்டிலிருந்தே ஓடும், 8 லேன், நொடிக்கு 168 ஜிகாபைட். அதே பெயரில் 8 ஜிபி வகையும் இருக்கிறது. அதற்குத் தனி வயர் வேண்டும், ஆர்டர் போடும்போது கவனம். காசு பத்தாவிட்டால் ஜிடிடிஆர்6 போட்ட, தனி வயர் கேட்காத 1650. பெட்டியின் பிராசசர் இரண்டாம் தலைமுறையாக இருந்திருந்தால் கார்டே வாங்காதே, அந்த ராண்டைச் சேர்த்து வைத்து அடுத்த ஆபீஸ் பெட்டியை வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.