டியூப்லெஸ் எம்டிபி டயரில் காற்று எந்த வழியாக இறங்குகிறது?

மோட்டார் பைக்கில் டியூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்கள் காற்றைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை, எப்போதாவது பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்த்துக்கொண்டால் போதும். அதே ஆள் ஒரு மவுண்டன் பைக் (எம்டிபி) வாங்கி, டியூபைக் கழற்றிவிட்டு டியூப்லெஸ்ஸுக்கு மாறினால், ராத்திரி அடித்த காற்றில் பாதி காலையில் இருக்காது. சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் ரப்பர் பால் திரவம், பத்தவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். மறுநாளும் அதே கதை. என்னைக் கேட்டால், ஊற்றுவதற்கு முன்னால் காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நான்கைந்து வழிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் சீலன்ட் அடைக்காது.

மோட்டார் பைக் டயரின் உள்பக்கம் முழுக்க ஹேலோபியூட்டைல் என்ற ரப்பர் ஒரு தனி அடுக்காக ஒட்டப்பட்டிருக்கும். காற்று ஊடுருவுவது அதில் மிகக் குறைவு. அந்த டயர் உட்காரும் அலாய் வீலும் வால்வுக்கு ஒரே ஒரு ஓட்டை விட்டு முழுசாக வார்த்தது. மவுண்டன் பைக்கில் இந்த இரண்டுமே கிடையாது. எடையைக் குறைக்க டயரை மெல்லியதாகச் செய்கிறார்கள், பியூட்டைல் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. ரிம்மில் ஸ்போக்குக்காக 28 அல்லது 32 ஓட்டைகள். அதாவது காற்று ஒழுகக்கூடிய ஒரு பாத்திரத்தை வாங்கிவந்து, டேப்பும் ரப்பர் பாலும் வைத்து நாமே அடைத்துக்கொள்கிறோம்.

மோட்டார் பைக் வழியையும் சைக்கிளில் முயன்று பார்த்துவிட்டார்கள். 1999-இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் மிஷெலின், ஹட்சின்சனுடன் சேர்ந்து யூஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. ரிம்மின் உள்தளத்தில் ஸ்போக் ஓட்டையே கிடையாது, டயருக்குள் காற்றுப் புகாத அடுக்கு, சீலன்ட் இல்லாமலே காற்று நிற்கும். நல்ல வேலைதான், ஆனால் டயர் கனத்தது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்டான் கொசியாடெக் என்பவர் டேப்பும் திரவ சீலன்ட்டுமாகச் சாதாரண ரிம்மையே மாற்றிக் காட்டினார். இன்று நாம் ஓட்டுவது பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான்.

சீலன்ட் என்ன செய்கிறது என்பது கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். பெரும்பாலான சீலன்ட்டுகளின் அடிப்படை ரப்பர் மரத்துப் பால். விடியற்காலையில் பால் வெட்டும்போது சிரட்டையில் வடிவது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள், ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. சும்மா விட்டால் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கிச் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். திரவமாகவே கொண்டுபோக வேண்டும் என்றால் அம்மோனியா சேர்ப்பார்கள், ஷீட் அடிக்க உறைய வைக்க வேண்டும் என்றால் ஃபார்மிக் அமிலம். வெட்டிய கோட்டில் கடைசியாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பால்தான் மரம் தன் காயத்தை மூடும் விதம்.

டயரிலும் நடப்பது அதுவேதான். முள் குத்திய இடத்தில் காற்று சீறும்போது சீலன்ட்டும் கூடவே இழுக்கப்பட்டு, குறுகலான துளையில் துகள்கள் நெருக்கியடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, வெளி ஓரத்தில் தண்ணீர் காய்ந்து ஒரு ரப்பர் அடைப்பான் உருவாகிறது. துளை கொஞ்சம் பெரிதானால் பால் மட்டும் போதாது, அதனால்தான் சீலன்ட்டில் ரப்பர் தூள், நார் போன்ற குப்பைகளைக் கலக்கிறார்கள். குப்பை முதலில் போய்ச் சிக்கிக்கொள்ளும், பால் அதைச் சுற்றி உறையும். அம்மோனியாவோ வேறொரு நிலைப்படுத்தியோ புட்டிக்குள்ளேயே உறையாமல் பார்த்துக்கொள்கிறது, கிளைகால் சேர்ப்பது சீக்கிரம் காயாமல் இருக்கவும் குளிரில் கட்டியாகாமல் இருக்கவும்.

இதிலிருந்தே சீலன்ட் எங்கே உதவும், எங்கே உதவாது என்று தெரிந்துவிடும். ஓட்டை சிறியதாக இருக்க வேண்டும், சீலன்ட் அந்த இடத்தை எட்ட வேண்டும், வந்த பால் அங்கேயே நிற்க வேண்டும். டயர் உடம்பில் இருக்கும் நுண்துளைகள் இதற்குச் சரியாகப் பொருந்தும். புது டயரின் பக்கச் சுவரில் வெள்ளை வெள்ளையாக வியர்த்தாற்போல் புள்ளிகள் வந்தால் பயப்பட வேண்டாம், அடைபட்டுக்கொண்டிருக்கிறது. சக்கரத்தை ஒரு வாளியின் மேல் படுக்கப்போட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது நேரம் வைத்து, அப்புறம் ஒரு சுற்று ஓட்டிவந்தால் அநேகமாக நின்றுவிடும்.

ரிம் டேப்பில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஷாம்பு கரைத்த தண்ணீரைச் சக்கரம் முழுக்கத் தெளித்துப் பாருங்கள். டயரில் ஒரு குமிழியும் இல்லை, ஆனால் ஏதோ ஒரு ஸ்போக் நிப்பிளின் (ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சிறிய நட்டு) அடியில் கடுகு அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதிக்கொண்டு வருகின்றன. உடனே அந்த நிப்பிளுக்கு மேலே இருக்கும் டேப்பில்தான் கோளாறு என்று அங்கே மட்டும் ஒட்டுப்போடக் கூடாது. ரிம் இரட்டைச் சுவர், உள்ளே சுற்றிலும் வெற்றிடம். டேப்பில் எங்கோ ஓர் ஓரம் தூக்கியிருந்தால் காற்று அந்த வெற்றிடத்தில் இறங்கிச் சுற்றிவந்து, எந்த ஓட்டை தளர்வாக இருக்கிறதோ அதன் வழியே வெளியே வரும். வால்வு ஓட்டையிலோ ரிம்மின் இரண்டு முனைகளும் சேரும் மூட்டிலோ கூட வரலாம். நிப்பிளைச் சுற்றி வெள்ளை ஈரம் தெரிந்தால் சீலன்ட்டும் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், அலுமினிய நிப்பிளை அது அரிக்கவும் செய்யும். இந்த நிலையில் எவ்வளவு ஊற்றினாலும் வீண், டேப்பை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதில் அவசரம் ஆகாது. ரிம்மின் உள் அகலத்தைவிட 2, 3 மில்லிமீட்டர் கூடுதலான டேப் வேண்டும், 30 மி.மீ. ரிம் என்றால் 32 அல்லது 33. பீட், அதாவது ரிம்மில் மாட்டிக்கொள்ளும் டயரின் ஓரம், வந்து உட்காரும் தளத்தையும் டேப் மூடியாக வேண்டும், இல்லையென்றால் டயரை ஏற்றும்போது பீட் டேப்பின் ஓரத்தில் மோதிச் சுருட்டிவிடும். பழைய பசையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து, நடுப்பள்ளத்தில் காற்றுக்கொப்புளம் இல்லாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். முடிவு வால்வு ஓட்டையைக் கடந்து ஒரு சாண் போகட்டும். வால்வு ஓட்டையைக் கத்தியால் குறுக்கே கீற வேண்டாம், கீறல் ஓடிக்கொண்டே இருக்கும். கூரான ஊசியால் குத்தி வால்வை அதில் நெருக்கி நுழைத்தால் டேப்பே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நேரமிருந்தால் ஓர் இரவு டியூபைப் போட்டுக் காற்றடித்து வைப்பது நல்லது, டேப் எல்லா இடத்திலும் அமுங்கி ஒட்டிக்கொள்ளும்.

வால்வு விஷயம் சுருக்கமானது. பம்ப்பின் திருகு மூக்கைக் கழற்றும்போது வால்வு கோரும் (வால்வுக்குள் திருகியிருக்கும் காற்றடைப்பான்) கூடவே லேசாகத் திரும்பிவிடுவது உண்டு, கோர் சாவியால் ஒரு திருப்புத் திருப்பினால் சரி. வெளி நட்டைக் கையால் இறுக்கினால் போதும். இடுக்கி போட்டு இறுக்கிவிட்டால், காட்டுக்குள் டயர் கிழிந்து டியூப் போட வேண்டிய அன்று வால்வைக் கழற்ற முடியாமல் அவதிதான்.

சில டயர்கள் வீட்டில் நன்றாக நிற்கும், பாதையில் மட்டும் இறங்கும். வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டு விசை டயரை ஒருபுறம் தள்ள, பீட் ரிம்மின் சுவரைவிட்டு ஒரு கணம் விலகி ‘புஸ்’ என்று ஒரு மடக்குக் காற்றை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்ளும். பர்ப்பிங் என்கிறார்கள். ஓட்டை எதுவும் இல்லாததால் சீலன்ட்டுக்கு இங்கே வேலை இல்லை. அழுத்தத்தை 2 பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள், ரிம் ஓரம் கல்லில் அடிபட்டு வளைந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். டயர் ஏற்றும்போதே பீட் முழுசாக உட்காராமல் போயிருக்கலாம். டயரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்பதுதான் சோதனை.

அழுத்தமானி குறைத்துக் காட்டினாலே ஒழுக்கு என்று முடிவுகட்ட வேண்டாம். 32 டிகிரி மதியத்தில் 25 பிஎஸ்ஐ அடித்த டயர், 12 டிகிரி விடிகாலையில் ஒரு துளிக் காற்றும் போகாமலே ஏறத்தாழ 22.5 காட்டும். மானியை மாட்டிக் கழற்றும்போதும் கொஞ்சம் போகிறது, அடிக்கடி பார்க்கிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் சில மாதம் கழித்து இறங்க ஆரம்பித்தால் சீலன்ட் காய்ந்துவிட்டது. 29-க்கு 2.3 டயருக்கு (29 அங்குலச் சக்கரம், 2.3 அங்குல அகலம்) 100 மில்லி அளவில் ஊற்றுவது வழக்கம், நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சளசளவென்று கேட்க வேண்டும். திறந்தால் சில சமயம் உள்ளே முள்முள்ளாக ஒரு ரப்பர் உருண்டை உருண்டுகொண்டிருக்கும், ஊற்றிய பாலில் பாதி அதுதான்.

பாதையில் கரியமில வாயுக் குப்பியால் காற்றடிப்பவர்களுக்கு இரண்டு தொல்லை. அந்த வாயு ரப்பரில் எளிதாகக் கரைந்து நைட்ரஜனைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும், அதனால் மறுநாள் டயர் தொய்ந்திருந்தால் அது பஞ்சர் ஆகாமலும் இருக்கலாம். தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலமாகும், விரியும்போது கடுங்குளிராகவும் இருக்கும், இரண்டும் பாலை உறைய வைக்கக்கூடியவை. பல தயாரிப்பாளர்கள் இதைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். வேறு வழியில்லாமல் அடித்தீர்கள் என்றால், அடிக்கும்போது வால்வைச் சக்கரத்தின் மேல்பக்கம் வைத்துச் சீலன்ட் அடியில் இறங்கும்வரை சற்றுப் பொறுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழுக்கத் திறந்துவிட்டு பம்ப்பால் சாதாரணக் காற்றை அடித்து, கூடவே குலுக்கிப் பார்த்துச் சீலன்ட் இன்னும் திரவமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.