விலாக் குருத்தெலும்பு ஒட்டு: சொல்லும் பொருளும்

மூக்கு மீளமைப்பு அறுவையில் வரும் 'காஸ்டல் கார்ட்டிலேஜ் கிராஃப்ட்' என்பதைப் பலரும் 'விலா எலும்பை எடுத்து மூக்கில் வைப்பது' என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்கும் நோயாளி விலா எலும்பே போய்விடும் என்று அஞ்சுகிறார். எடுப்பது எலும்பு அல்ல. விலா எலும்பின் முன்முனையை மார்பெலும்புப் பக்கம் இணைக்கும் குருத்தெலும்பு அது. எனவே 'விலாக் குருத்தெலும்பு ஒட்டு' என்பதே சரி.

லத்தீனில் 'கோஸ்டா' என்றால் விலா. 'கிராஃப்ட்' என்பதன் வேர் எழுத்தாணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; ஒட்டுக்கட்டச் சீவிய குச்சியின் முனை எழுத்தாணி போலிருந்ததால் தோட்டக்காரர்களிடம் வந்து, பிறகு மருத்துவத்துக்குப் போனது. நம் 'ஒட்டு' என்ற சொல்லும் ஒட்டுமாங்கன்றுக்கும் தோல் ஒட்டுக்கும் பொதுவாகவே வழங்குகிறது. புதுச்சொல் தேடத் தேவையில்லை.

'மாற்று' என்று எழுதுவதும் பொருந்தாது. உறுப்பு மாற்றில் இரத்தக் குழாய்களை இணைப்பார்கள். 'மடல்' (ஃப்ளாப்) என்பது தன் இரத்த ஓட்டத்தோடு நகர்த்தப்படும் திசு. ஒட்டுக்கு இவ்விரண்டும் இல்லை. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்களே கிடையாது; சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறிவரும் சத்தில் அதன் உயிரணுக்கள் வாழ்கின்றன. இடம் மாறியும் அது பிழைத்திருக்க இதுவே காரணம். குருத்தெலும்புக்கு இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் 'கசியிழையம்' என்ற சொல்லில் எலும்புக் குழப்பம் இல்லை. ஆனாலும் 'குருத்து' என்பதில் ஓர் அழகு உண்டு: வயதானால் இந்தக் குருத்து முற்றிவிடும். சுண்ணாம்பு படிந்து, செதுக்கினால் உடையும். முதியவர்களுக்கு முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

மூக்கு மீளமைப்பில் முதலில் நாடுவது மூக்கின் நடுச்சுவர்க் குருத்தெலும்பை. அடிபட்டோ முந்தைய அறுவையிலோ அது போயிருந்தால் காதுமடலைப் பார்ப்பார்கள். அது வளைந்தது, மெல்லியது, தாங்குதூணாக நிற்காது. மூக்குத்தண்டு அமிழ்ந்து, நிறையவும் உறுதியாகவும் வேண்டும்போது விலா.

பெரும்பாலும் 6 அல்லது 7-ஆம் விலாவிலிருந்து எடுக்கிறார்கள். பெண்களுக்கு மார்பகத்தின் கீழ்மடிப்பில் கீறினால் தழும்பு மறையும். குருத்தெலும்பின் உறையை முன்புறம் பிரித்து, பின்புற உறையை அப்படியே விட வேண்டும். அதன் பின்னால்தான் நுரையீரலுறை இருக்கிறது. எடுத்தபின் குழியில் உப்புநீர் ஊற்றி, மயக்க மருத்துவர் நுரையீரலை விரியச் செய்யும்போது குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் நுரையீரலுறை கிழிந்திருக்கிறது. உள்ளே மெல்லிய குழாய் விட்டுக் காற்றை உறிஞ்சியபடியே தைத்து மூடுவார்கள்.

பெரிய தொல்லை, ஒட்டு கோணிக்கொள்வது. ஈரப்பலகை காய்கையில் முறுக்கிக்கொள்வதைப் போலத்தான் தெரியும், காரணம் வேறு. குருத்தெலும்பின் வெளிப்படலத்தில் இழுவிசை இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் சீவினால் மறுபக்கத்து இழுவிசை வென்று வளைத்துவிடும். எல்லாப் பக்கமும் சமமாகச் சீவி நடுப்பகுதியைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆய்வாளர்கள் கிப்சனும் டேவிசும் 1958-இல் விளக்கினார்கள். இன்றும் அதுவே அடிப்படை. செதுக்கிய துண்டை உப்புநீரில் 15 முதல் 30 நிமிடம் போட்டுவைத்து, வளைந்தால் மறுபடி சீவுவார்கள். இதில் அவசரப்பட்டால் கோணல் மூக்கிலேயே வந்து நிற்கும். வளைவு மாதங்கள் கழித்தும் தெரியவரலாம்.

மூக்குத்தண்டை உயர்த்த மட்டும் வேண்டுமானால் குருத்தெலும்பை 0.5 முதல் 1 மி.மீ. துணுக்குகளாக நறுக்கி, நெற்றிப்பொட்டுத் தசையின் மேலுறையில் சுற்றி வைப்பதுண்டு. துணுக்குகள் கோணாது, ஆனால் தாங்கும் வலுவும் அவற்றுக்கு இல்லை. இதை 'நறுக்கிய குருத்தெலும்பு ஒட்டு' என்று தனியாகவே குறிக்க வேண்டும். ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கினால், தூணா நிரப்பியா என்பதே படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.